ஒரு மெய்யெழுத்தும் ஒரு சிவப்பு அட்டையும்: படுவான்கரைக்கு ஒரு நாள் பயணம்

என் பெயர் சின்னையா வேலாயுதம். வயது ஐம்பது. பிறந்தது மாத்தளை, கொழும்பில் கணித ஆசிரியர், விடுமுறை நாள்களில் உதைபந்தாட்ட மத்தியஸ்தர். இன்று, ஞாயிற்றுக்கிழமை, மட்டக்களப்பு வாவியைக் கடந்து வெல்லாவெளிக்குச் சென்றேன். குணராசா என்னும் முன்னாள் தேசிய அணி வீரரிடம் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையொப்பம் பெறுவதே நோக்கம்.

குணராசா களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கேயுள்ள பெரியகல்லாற்றுக்காரர். பதினான்கு ஆண்டுகள் பின்களத்தில் நின்றவர். சண்டை கடுமையாக இருந்த காலத்தில், ஓர் ஆட்டத்துக்காக மூன்று நாள் முன்னரே புறப்பட்டு, சோதனைச் சாவடிகள் அனைத்திலும் இறங்கி ஏறிக் கொழும்பு வந்து, தேசியச் சட்டையை அணிந்தவர். மாலைதீவிலும் இரண்டு பருவங்கள் ஊதியத்துக்கு ஆடினார். அவரைத் தாண்டி எவரும் போக முடியாததால் 'கதவு' என்பது பட்டப்பெயர். அத்தனை ஆண்டுகளில் அவர் பெற்றது ஒரேயொரு சிவப்பு அட்டை. அதைக் காட்டியவன் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு நகரில் நடந்த மாவட்ட ஆட்டம் அது. நான் அந்த ஊருக்கு வந்தது அதுவே முதல் முறை. அவருடைய அணிக்கு ஒரு மூலை உதையை மறுத்த மறுநிமிடம், குணராசா என் முகத்துக்கு நேரே "கிறுக்கு!" என்று கத்தினார். பன்னிரண்டாம் விதி தெளிவானது: இழிசொல்லுக்கு வெளியேற்றம். ஆயினும் நான் விசாரிக்காமல் தண்டிப்பவன் அல்லன். "என்ன சொன்னீர்?" என்று கேட்டேன். சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னார். 'வீரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று அறிக்கையில் எழுதினேன். எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும்வரை ஆடத் தடை என்று ஒழுக்காற்றுக் குழு தீர்ப்பளித்தது. அவர் கேட்கவில்லை. ஆட்டவாழ்வு அத்துடன் முடிந்தது.

இப்போது வெளிநாட்டுப் பயிற்றுநர் வகுப்பொன்றுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. தடை நீங்கினால் மட்டுமே விண்ணப்பம் ஏற்கப்படும். இறுதி நேரம் நாளை, திங்கள், பிற்பகல் நான்கு மணி. வாய்ப்பு வீணாகக் கூடாது என்று, கடிதத்தை நானே தயாரித்து எடுத்துச் சென்றேன். கையொப்பம் மட்டுமே மிச்சம்.

இனி வழி. மட்டக்களப்புப் பேருந்து நிலையத்தில் காலை 6.20க்குப் புறப்பட்டேன். களுவாஞ்சிக்குடி ஏறத்தாழ 28 கிலோமீற்றர். கட்டணம் 22 ரூபாய். போர்நிறுத்தம் வந்தபின் சோதனைகள் குறைந்துவிட்டன. ஒரே இடத்தில்தான் இறக்கினார்கள். 7.40க்குச் சேர்ந்து, குருமன்வெளித் துறைக்கு ஆட்டோ பிடித்தேன், 60 ரூபாய். வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியனை வைத்து இட்ட பெயர்களாதலால் திசை தவற வழியில்லை. அக்கரை போரின் மறுதரப்பினரின் ஆளுகையில் இருப்பதால் இக்கரையில் ஒரு பதிவு, அக்கரையில் ஒரு பதிவு. அடையாள அட்டையை மேற்பையிலேயே வைத்திருங்கள்.

துறையில் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

"பாதை எங்கே?" என்று ஆட்டோ ஓட்டுநரிடம் கேட்டேன்.

"பாதை அக்கரையில நிக்கு சேர். இப்ப வரும்."

"பாதை எப்படி வரும்?"

"ஆள் சேந்தா வரும்."

இந்த ஊரில் 'பாதை' என்பது ஆள்களையும் வண்டிகளையும் ஏற்றும் தட்டையான படகு என்பதை, அது வந்து கரையில் முட்டியபோது அறிந்தேன். நாற்பது நிமிடம் காத்திருப்பு. ஏறியவை: ஒரு மோட்டார் சைக்கிள், ஆறு சைக்கிள்கள், நெல் மூட்டைகள், கன்றுடன் ஒரு பசு, நான். பையைத் தோளில் மாட்டி, ஓரக் கம்பியைப் பிடித்து, தண்ணீரைப் பார்த்து நின்றேன். நடு வாவியில், கோல் ஊன்றிக்கொண்டிருந்த படகோட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்:

"சேர், கிறுகுங்க! கிறுகுங்க!"

முதலில் சினந்தேன். அடுத்த கணம் என் இலக்கண அறிவு விழித்துக்கொண்டது. 'உங்க' என்பது மரியாதை ஏவல் விகுதி. அது வினைச்சொல்லில்தான் ஒட்டும். ஒருவரைக் கிறுக்கு எனலாம். அந்தப் பொருளில் 'கிறுக்குங்க' என்று ஏவ முடியாது. மேலும், அவர் சொன்னதில் ஒரு 'க்' குறைவாக இருந்தது.

"என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"திரும்பச் சொல்லுறன் சேர்! பின்னால கண்டு உங்கட பேக்கத் தின்னுது!"

திரும்பினேன். கன்று, பையில் நீட்டிக்கொண்டிருந்த கோப்பின் மூலையை மென்றுகொண்டிருந்தது. படகு முழுவதும் சிரித்தது. நான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி, இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஆட்டத்தை மனத்தில் மறுபடி ஓட்டினேன். எனக்கு இரண்டடி பின்னால் குணராசாவின் அணி வீரர் பந்துடன் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னே எதிரணி வீரர் ஓடி வந்துகொண்டிருந்தார். குணராசா கத்தியது என்னை நோக்கியன்று, என்னைத் தாண்டி.

"இங்கே பைத்தியத்துக்கு என்ன சொல்வீர்கள்?" என்று படகோட்டியிடம் கேட்டேன்.

"விசர் எண்டுவம். ஏன் சேர், ஆருக்கு?"

கோப்பைக் கன்றுக்கு எட்டாதபடி பைக்குள் ஆழத் தள்ளினேன்.

படகு சேர்ந்த மண்டூர்க் கரையிலிருந்து வெல்லாவெளி ஏழு கிலோமீற்றர். ஆட்டோ 200 ரூபாய், பேரம் பேச முடியும், நான் பேசவில்லை. குணராசாவின் மனைவியின் ஊர் அது. அறுவடை முடிந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், கம்பு நட்டு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. குணராசா வெறுங்காலுடன் பின்களத்தில் நின்றார். அவர் அதிகம் ஓடவில்லை. எல்லாருக்கும் முன்னால் ஆபத்தைக் கண்டு, பெயர் சொல்லிக் கத்தினார், மற்றவர்கள் ஓடினார்கள். "கிறுகு" என்ற சொல்லை எண்ணினேன்: இருபது நிமிடத்தில் பதினேழு தடவை. ஒருவரும் மனம் புண்படவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மனைவி புனிதத்துடன் என்னிடம் வந்தார். நான் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை.

"இவர்தானா அந்த விசர் றெஃபரி?" என்றார் புனிதம்.

"சும்மா இரு புள்ள. மறுகா சேர் உனக்கும் அட்டை காட்டிருவார்," என்றார் குணராசா.

கோப்பைத் திறந்தேன். கன்று கடித்த மூலையைப் பார்த்து, "கையெழுத்துக்கோ வந்தீங்க?" என்று கேட்டார். "ஏலாது சேர். நாளைக்கு நாலு மணி எண்டு எனக்கும் தெரியும். அந்த வகுப்புக்குப் போக ஆசை இல்லையெண்டும் இல்ல. ஆனா ஏலாது."

"ஏன்?"

"பின்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் முழு மைதானமும் தெரியும். பாத்துக் கத்துறதுதான் அவன்ட வேலை. அதுக்கு மன்னிப்புக் கேட்டா, பதினாலு வருசம் செஞ்ச வேலைக்கே மன்னிப்புக் கேட்ட மாதிரி. மறுகா என்னத்தப் போய்ப் படிப்பிக்கிற?"

"நீர் அன்றே இதை விளக்கியிருக்கலாமே?"

"சொன்னன்தானே சேர்! என்ன சொன்னீர் எண்டு கேட்டீங்க, கிறுகு எண்டு சொன்னன் எண்டன். உடன எழுதிட்டீங்க!"

உண்மை. அதை நான் ஒப்புதல் வாக்குமூலமாகப் பதிந்தேன். அறிக்கையை ஆங்கிலத்தில், பொருளை மட்டும் எழுதியதால், மிகையான ஒரு மெய்யெழுத்தைக் குழுவில் எவரும் காண வழியிருக்கவில்லை. காரணம் கேட்டுக் குழு கடிதம் அனுப்பவில்லையா என்றேன். வந்ததாம், சிங்களத்தில். வாசிக்க ஆள் கிடைப்பதற்குள் தவணை கடந்துவிட்டதாம்.

மன்னிப்புக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியின் வெறும் பின்பக்கத்தில், புனிதம் கொடுத்த மோரைக் குடித்தபடி, வேறொரு கடிதம் எழுதினேன். அதில் மன்னிப்புக் கேட்பவர் பெயர் சின்னையா வேலாயுதம். குணராசா இருமுறை வாசித்து, "எழுத்துப் பிழை இல்லையே சேர்?" என்றார். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு என்னிடம் தந்தார்.

பயணம் போக விரும்புவோருக்கு: காலைப் பாதையில் போங்கள், பிற்பகலில் காற்று எழுந்தால் காத்திருப்பு இரட்டிக்கும். தொப்பி அவசியம். ஓட்டுநர் 'மறுகா' என்றால் 'பிறகு' என்று பொருள். ஆதலால் சில்லறை மறுகா வரும் என்றால் பதறாதீர்கள். தமிழ் தெரியும் என்ற நம்பிக்கையில் எதையும் ஊகிக்காதீர்கள், கேளுங்கள். கேட்டபின் பதிலையும் கேளுங்கள். நான் முதலாவதை மட்டும் செய்தவன்.

இதை மட்டக்களப்பு நகரின் இணையக் கடையொன்றிலிருந்து மாலை 6.10க்குத் தட்டச்சிடுகிறேன். எட்டேகால் ரயிலில் கொழும்பு திரும்புவேன். நாளை காலை ஒன்பது மணிக்கு ஒழுக்காற்றுக் குழுவின் முன் என் அறிக்கையை மீளப் பெறுவேன். அவரது பதிவேட்டிலிருந்து அந்த அட்டை நீங்கும்வரை நாற்காலியை விட்டு எழமாட்டேன். நான்கு மணிக்கு முன் விண்ணப்பத்தை என் கையாலேயே கொடுப்பேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குணராசா சொன்னதை, என்னிடம் சொல்லாவிட்டாலும், இப்போது நான் செய்கிறேன்: கிறுகுகிறேன்.