ஓடிப்போன ராஜாவின் முகம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பிரெஞ்சுப் புரட்சி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பரீட்சைக்குப் பயப்படும் வயதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு ராஜா பெண்டாட்டி பிள்ளைகளோடு ராவோடு ராவாக ஓடிப்போகிறான். அந்த இடம் வரும்போது என் குரல் எனக்கே கேட்காது.

திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மற்ற இடங்களை எல்லாம் நன்றாகவே நடத்துவேன். மேலே மதகுருமார்கள், அடுத்தது பிரபுக்கள், அதற்குக் கீழே மற்ற எல்லோரும், வரி கட்டுவது மட்டும் கீழே இருப்பவர்கள் என்று சொல்லிவிட்டு, "நியாயமா?" என்று கேட்பேன். "இல்ல மிஸ்!" என்று கத்துவார்கள். ரொட்டி கிடைக்காத பெண்கள் மழையில் நடந்தே அரண்மனைக்குப் போய், ராஜாவைக் குடும்பத்தோடு பாரிசுக்கு அழைத்து வந்த கதையை எழுந்து நின்றுதான் சொல்வேன். உட்கார்ந்து சொல்ல மனசு வராது.

அப்புறம்தான் அந்த ஓட்டம். ராஜா வேலைக்காரன் போல உடை மாட்டிக்கொண்டு கோச்சு வண்டியில் எல்லையைப் பார்க்கக் கிளம்புகிறான். குதிரை மாற்றும் ஓர் இடத்தில் ஒருவன் அந்த முகத்தைப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். காகிதப் பணத்தில் அச்சடித்திருந்த படத்தை வைத்துக் கண்டுபிடித்தான் என்று சொல்வார்கள். அடுத்த ஊரில் பாலத்தை மறித்துவிட்டார்கள். பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ராஜாவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், பிறகு தலையை எடுத்தார்கள்.

தலை போகும் இடத்தில் பையன்கள் கை தட்டுவார்கள். நியாயப்படி நானும் தட்ட வேண்டியவள்தான். என்னை விரட்டியதும் அப்படி ஒரு மேல் கீழ் கணக்குத்தானே. ஆனால் வண்டிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்குக் கை எழும்பாது.

நானும் என் வீட்டுக்காரரும் ஓடி வந்தவர்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். நான் ஊர், அவர் காலனி. அவர் தெருவில் என் அப்பா ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு அப்பாதான் ராஜா. அவர் கொல்லை வேலை முடித்துத் திரும்பும் செருப்புச் சத்தம் கேட்டால் டிவி நின்றுவிடும், அண்ணன்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். நாங்கள் போன பிறகு, "கண்ணுல பட்டா ரெண்டு பேரையும் வெட்டிட்டு நானே ஜெயிலுக்குப் போறேன்" என்று ஊர் நடுவில் நின்று சொன்னாராம். சொன்னதைச் செய்யாமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

கொஞ்ச காலம் பெங்களூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. மகள் பிறந்த பிறகு திருவண்ணாமலையில் ஒரு கடை அமைந்தது. "அவ்ளோ கூட்டத்துல நம்மள யாரு பாக்கப் போறாங்க" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பௌர்ணமி என்று ஒன்று இருப்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. எங்களைப் போல அறிவாளிகள் எங்கேயும் கிடைக்க மாட்டார்கள். ஒளிய வந்த ஊருக்கு மாதம் தவறாமல் ஜில்லாவே பஸ் ஏறி மலை சுற்ற வந்துகொண்டிருந்தது.

அதனால் பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டில் கதவு பூட்டியிருக்கும். டியூஷன் லீவு. ஒருமுறை எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் எதிர்ப்பக்கம் நின்று கரும்புச்சாறு குடிப்பதை ஜன்னல் இடுக்கில் பார்த்துவிட்டேன். அவர் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நகரும்வரை சுவரோடு சுவராக நின்றேன். கொரோனா வந்து கிரிவலத்துக்குத் தடை போட்டிருந்த மாதங்களில்தான் நான் மொட்டை மாடியில் நின்று முழு நிலாவைப் பார்த்தேன். ஊரே அழுதுகொண்டிருந்த காலத்தில் நிம்மதியாகத் தூங்கியவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போகிற போக்கில் கொரோனா எனக்கு மாஸ்க்கையும் கொடுத்துவிட்டுப் போனது.

என் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். மகள் முகத்தை என்ன செய்வது? என் சாயல் கொஞ்சம், அவர் சாயல் கொஞ்சம் என்று கலந்து வந்திருக்கக் கூடாதா? அச்சு அசல் என் அப்பா. அதே சேர்ந்த புருவம், சிரித்தால் இடது பக்கம் மட்டும் ஏறும் அதே உதடு. அவள் வளர வளர எனக்குப் பயமும் வளர்ந்தது.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளி அது. வைத்த நாள் பௌர்ணமி. மலை சுற்ற வருகிற ஜனங்களும் உள்ளே வந்து பார்க்கட்டும் என்று தலைமை ஆசிரியைக்கு ஆசை. மகள் எடுத்துக்கொண்ட பாடம் பிரெஞ்சுப் புரட்சி, அதிலும் ராஜாவின் ஓட்டம். நான் அந்த இடத்தில் மென்று முழுங்குவதைப் பார்த்தே அவளுக்கு அதில் ஆசை வந்திருக்க வேண்டும்.

போகக்கூடாது என்றேன். "எப்பப் பாத்தாலும் எதுக்குமா என்னைப் பூட்டி வெக்கிற? நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். சொந்தக்காரர்கள் நம்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்பது வரைக்கும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். வெட்டுவேன் என்ற வார்த்தையை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "போவட்டும் வுடு. நீயும் கூடவே இரு" என்றார் என் வீட்டுக்காரர். மாஸ்க் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

ஆப்பிள் அட்டைப்பெட்டியில் கோச்சு வண்டி செய்து, பாட்டில் மூடிகளைச் சக்கரமாக ஒட்டியிருந்தாள். பக்கத்தில் அவளே வரைந்த காகிதப் பணம் கட்டாக இருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "யாருடி இது?" என்றேன்.

"ராஜா மூஞ்சி எனக்கு எப்படிம்மா தெரியும்? கண்ணாடியப் பாத்து வரைஞ்சேன். மீசை மட்டும் சேத்தேன்" என்றாள்.

தன் முகத்தை வரைந்து மீசை வைத்தால் வேறு யார் வருவார்? அந்தக் கட்டில் இருந்த ஒவ்வொரு நோட்டிலும் என் அப்பா இருந்தார். எல்லாவற்றையும் வாரிக் கிழித்துவிடலாம் என்று கை நீண்டது. அதற்குள் அவள் டீச்சர் வந்து, "ரொம்ப நல்லா பண்ணியிருக்கா" என்று பாராட்ட ஆரம்பித்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போய், தூண் பக்கம் வைத்திருந்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன்.

மதியத்துக்கு மேல் கூட்டம் வந்தது. நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலோடு, தண்ணீர் குடிக்க வந்தவர்கள் அப்படியே மேசைகளையும் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவில் என் அப்பா வந்தார்.

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். தோள் இறங்கிப்போய், மீசை முழுக்க வெளுத்திருந்தது. நேராக என் மகள் மேசை முன்னால் போய் நின்றார். ஓடிப்போய் அவளை இழுத்துக்கொள்ள வேண்டும். கால் வரவில்லை. கத்த வேண்டும். வாய் வரவில்லை. அவர் இடுப்பில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற தகப்பனை அப்படிப் பார்க்க வைத்துவிட்டார்கள் என்னை.

"இது யாரு வண்டி பாப்பா?" என்றார்.

"ராஜாவோடது தாத்தா. ஜனங்களுக்குப் பயந்துக்கினு குடும்பத்தோட ஓடிப் போறாரு."

"மாட்டிக்கினாரா?"

"ஆமா தாத்தா. மூஞ்ச வெச்சிக் கண்டுபிடிச்சிட்டாங்க." ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள்.

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். "ராஜா போன பின்னாடி எல்லாம் நல்லாயிடுச்சா?" என்று கேட்டார்.

"எங்க நல்லாச்சு தாத்தா? அதுக்கப்புறந்தான் ஜாஸ்தி பேர வெட்டுனாங்க. யார் மேல சந்தேகம் வந்தாலும் வெட்டு" என்றாள், ஏதோ கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல.

அவர் தலையாட்டிவிட்டு டிரம் பக்கம் வந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

"மாஸ்க் போட்டா தெரியாதா? நீ நிக்கிற நிலை எனக்குத் தெரியாதா?" என்றார், டிரம்மைப் பார்த்தபடி.

தூணைப் பிடித்துக்கொண்டேன். "புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதப்பா" என்றேன். இத்தனை வருடம் கழித்து அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீ இந்த ஊர்லதான் இருக்கேனு, புள்ள இங்கதான் படிக்கிதுனு எனக்கு எப்பவோ தெரியும். உங்க அண்ணனுங்களுக்குப் போன வாரந்தான் தெரிஞ்சுது. பெரியவன் பொண்ணுக்குப் பாத்த சம்பந்தம் உன் விஷயத்தால முறிஞ்சி போச்சு. இன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா உன் வீட்டுக்கு வரானுங்க. வீட்டுக்குப் போகாத. புள்ளையக் கூட்டிக்கினு இப்படியே போயிடு."

"நீ சொன்னா கேக்க மாட்டாங்களாப்பா?"

"நான் சொல்றத யாரு கேக்கறாங்க? சோறு போடறதே பெரிசா இருக்குது." டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் கொட்டியது. அப்போதுதான் பார்த்தேன், அவர் கண் வாசல் பக்கமே போய்க்கொண்டிருந்தது. என் அண்ணன்களுக்கு, செருப்புச் சத்தத்துக்கே எழுந்து நின்ற அந்த இரண்டு பையன்களுக்கு, அவர் பயந்துகொண்டிருந்தார். "நான் வந்தது தெரிஞ்சா என்னையும் வுட மாட்டானுங்க. நீ முன்னாடி போ" என்றார்.

காலில் விழத் தோன்றியது. விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். போன் போட்டதும் என் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். மூன்று பேரும் ஏறினோம். அவள் யூனிஃபார்மோடு, நான் கையில் பர்ஸ்கூட இல்லாமல். "என் வண்டிய விட்டுட்டு வந்துட்டேம்மா" என்று வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள்.

வேறு ஊர் வந்து சேர்ந்ததும் போலீசில் எழுதிக் கொடுத்தோம். எந்த ஊர் என்று இங்கே எழுத மாட்டேன். மறுநாள் காலையில் திருவண்ணாமலையில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டாண்ட ஒரே கலாட்டாங்க. கார்ல ஆளுங்க வந்தாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு பெரியவரு வந்து உங்க கதவுக்கு எதிர்ல குந்திக்கினு இருந்தாரு. உள்ள யாரும் இல்லீங்கனு சொன்னேன், காதுலயே வாங்கல. எழுந்திரு எழுந்திருனு அவனுங்க கத்துறானுங்க, அசைய மாட்டேன்னுட்டாரு. கடைசியில கை காலப் புடிச்சித் தூக்கி கார்ல போட்டுக்கினு போயிட்டாங்க. யாருங்க அவரு?"

எங்களுக்குச் சொந்தம் என்று யாருமே இல்லை என்றுதான் அந்தத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம்.

"எங்க அப்பா" என்றேன்.

அப்புறம் அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. கேட்பதற்கு அந்தக் கிராமத்தில் எனக்கு ஒரு ஆளும் இல்லை.