மூணாம் நம்பர் பட்டன்

காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. அதில் நான் கறார். அந்தக் கறாரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பஞ்சிங் மெஷின் இருக்கிறது. விரலை வைத்தால் போதும், வருகை பதிவாகிவிடும். ஆனால் வாஷிங் செக்‌ஷன் பெண்கள் நாள் முழுக்க இரும்புப் பாகங்களைக் கெமிக்கல் தண்ணீரில் கழுவுகிறவர்கள். அவர்கள் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷினுக்கு அடையாளம் தெரியாது. அதனால் அவர்கள் மட்டும் தங்கள் நம்பரைக் கீபேடில் அமுக்கிவிட்டு உள்ளே போவார்கள். அந்த செக்‌ஷன் நம்பர்கள் எல்லாமே மூன்றில் தொடங்கும்.

அவர்களில் மணவாள நகரிலிருந்து வரும் ஓர் அக்காவின் நம்பர் 333. இரண்டு மாதமாக அவர் அடிக்கடி லேட். எட்டரைக்கு ஷிஃப்ட் என்றால் எட்டு முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று பதிவாகியிருக்கும். இரண்டு மெமோ கொடுத்தேன். ‘என் கவனக்குறைவால் தாமதமாக வந்தேன்’ என்று நானே டைப் செய்து, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மூன்றாவது மெமோ வந்தால் கான்ட்ராக்டில் இருப்பவரை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருத்தர்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்றாவதையும் டைப் செய்து டிராயரில் வைத்திருந்தேன். ரூல் என்றால் ரூல்.

அந்த வாரம் ஆடிட்டுக்கு வெளியாட்கள் வருவதாக இருந்தது. கீபேடில் எண்கள் அழிந்து அசிங்கமாக இருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்றார் மேனேஜர். சர்வீஸ்காரர் வந்து மெஷினின் மூடியைக் கழற்றி, பழைய ரப்பர் கீபேடை உரித்தெடுத்துத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் எண்ணைப் பதிய வைக்கும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. மூன்றுக்கு அடியில் மட்டும் அது தேய்ந்து லேசான கறையாகத்தான் இருந்தது.

“இத்த வெச்சிக்கினு எப்டி மேடம் ஓட்டுனீங்க? மூணு நம்பர அஞ்சாறு வாட்டி அமுக்குனாதான் ஒரு வாட்டி எடுக்கும். ரெண்டு மூணு மாசமாவே இப்டிதான் இருந்திருக்கும்” என்றார்.

நான் விரல் வைத்துவிட்டுப் போகிறவள். அந்தக் கீபேடை ஒரு நாளும் தொட்டதில்லை. மற்ற பெண்களில் பலருக்கு நம்பரில் ஒரே ஒரு மூன்று. இந்த அக்காவுக்கு மூன்றுமே மூன்று.

புதுக் கீபேடு மாட்டி முடிப்பதற்குள் டிராயரில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். “சரி, அந்த ரெண்டு மெமோவையும் ஃபைல்ல இருந்து எடுத்துடும்மா” என்றார். அவருக்கு அது அவ்வளவுதான்.

டீ டைமில் வாஷிங் செக்‌ஷனுக்குப் போனேன். அக்கா கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலை போகாது என்று சொன்னதும் அப்படியே ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“மத்தவங்களுக்கும் அதே கீபேடுதானேக்கா, நீங்க மட்டும் ஏன் லேட்டு?” என்று கேட்டேன்.

“நான் அமுக்கிக்கினே நின்னா பின்னாடி லைன்ல இருக்கறவங்களுக்கும் லேட் ஆவும்ல மேடம். அதான் நவுந்துக்கினு எல்லாரையும் போவ சொல்லிடுவேன். கடைசில நின்னு பொறுமையா அமுக்குவேன்.”

“இத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அப்போதும் என் புத்தி அப்படித்தான் போனது.

“சொன்னேனே மேடம். மொத மெமோ குடுத்த அன்னிக்கே சொன்னேன். மிஷின் இன்னா பொய்யா சொல்லுதுன்னு கேட்டீங்க. அதான் ரெண்டாவது வாட்டி ஒண்ணும் பேசாம கையெழுத்து போட்டுட்டேன்.”

அவர் அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. எவ்வளவு யோசித்துப் பார்த்தும், அப்படிக் கேட்டது எனக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை.