திருப்பிச் சொன்ன பால்: மைசூர் காதுக் கருவி முகாமுக்குப் போய் வந்தது

இந்தத் தை மாதம் நானும் என் வீட்டுக்காரி பாவாயியும் கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம் இருக்கிற எங்கள் ராமாபுரத்திலிருந்து மைசூர் போய் வந்தோம். அரண்மனை பார்க்கவும் இல்லை, மலையேறிச் சாமி கும்பிடவும் இல்லை. பாவாயிக்குக் காதுக் கருவி வாங்கப் போனோம். மைசூரில் ஒரு சேவை கிளப் வருசத்துக்கு ஒரு தடவை காது முகாம் நடத்துகிறது. பரிசோதனை செய்து, கருவி பொருந்துகிறவர்களுக்கு அன்றைக்கே இனாமாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் காது மந்தமானவர்களை வைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனில் பேசிப் பேசி அனுப்ப, என் மருமகள் அதை எழுதி வலையில் போடுகிறாள்.

பாவாயிக்குக் காது மந்தமாகி நாலைந்து வருசம் ஆகிறது. முதலில் போன் மணி கேட்காமல் போனது. அப்புறம் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பால் சொசைட்டியில் எதையோ கேட்டதற்கு இவள் எதையோ சொல்ல, நின்றிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு சொசைட்டிக்குப் போவதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் நான் ஏதாவது கதை சொன்னால் நடுவில் புகுந்து, "அது செவ்வாக்கெழமை இல்லீங்க, பொதங்கெழமை" என்பாள். எனக்கு ஞாபகம் நல்ல ஞாபகம், அதனால் சண்டை வரும். இப்போது நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள். தலையாட்டும் ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது?

ஒரு தடவை கொள்ளேகாலில் ஒரு கடையில் மலிவாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். அது காதுக்குள் விசில் அடித்ததே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. அதைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டவள்தான், அப்புறம் தொடவே இல்லை. அதனால் மைசூர் முகாமைப் பற்றிச் சொன்னதும் கையை நீட்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசிங்க. இதுவும் ஆவலீன்னா என்னை இனி எங்கயும் இழுத்துட்டுப் போவாதீங்க."

முகாம் இருப்பது எப்படித் தெரியும் என்றால், அந்த கிளப்காரர்கள் கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்தபோது சொன்னார்கள். எங்கள் காலத்தில் கிளப் என்றால் ஒன்று காபி கிளப், இல்லாவிட்டால் சீட்டாடுகிற இடம். அதனால் நான் கொஞ்சம் சந்தேகமாகத்தான் போய்ப் பார்த்தேன். வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கண் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்துக் குழாயைப் பழுது பார்த்தார்கள், வேலி ஓரம் புங்கன் கன்று நட்டார்கள். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வந்தார். அப்போதுதான் எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது.

இனிப் பயணம். ராமாபுரத்திலிருந்து கொள்ளேகாலுக்குக் காலை ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஹனூர் வழியாக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கொள்ளேகாலில் இறங்கி மைசூர் பஸ் ஏற வேண்டும். அது அறுபது சொச்சம் கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பலகை படிக்க வராது. தமிழும் படிக்கத் தெரியாது, கன்னடமும் படிக்கத் தெரியாது, ஆகையால் எனக்கு இரண்டு மொழியும் சமம். கண்டக்டர் "மைசூர், மைசூர்" என்று கத்துவதை நம்பித்தான் ஏறுவேன். பாவாயிக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்துப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம், ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து நூற்றைம்பதுக்குப் பக்கம் ஆனது. கூட்டம் இல்லாவிட்டால் வழியில் டி.நரசிபுரத்தில் ஆறு வரும், அந்தப் பக்கமாக உட்காருங்கள். பாலத்தின்மேல் போகும்போது பாவாயி ஜன்னலோரம் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். ஆற்றைக் கும்பிட்டாளா, காதுக்காகக் கும்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பஸ் சத்தத்தில் அவளுக்கு விழாது.

மைசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து முகாம் நடந்த கல்யாண மண்டபம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன். "காது முகாமுக்கா யஜமான்ரே? அப்போ உங்ககிட்ட பேரம் பேசி லாபமில்லை, நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது" என்றார். "எனக்கு நல்லாக் கேக்கும், அவளுக்குத்தான் மந்தம்" என்றேன். மீட்டரைப் போட்டார். ஐம்பதுக்குள் முடிந்தது.

மண்டபத்தில் முதலில் டோக்கன், அப்புறம் சாப்பாடு. உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரி பாத்தும். பரிமாறியவர் கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் கரண்டி. நகைக்கடைக்காரர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வக்கீல் ஒருவர் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். கிளப் தலைவர் நாற்காலிகளை அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடினார். இந்தப் பக்கம் காது, அந்தப் பக்க வராந்தாவில் இரத்த தானம், வாசலில் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி. பின்பக்கத்துச் சாமான் அறையில்தான் காது பரிசோதனை. வெளிச்சத்தம் வராமல் இருக்கச் சுவரைச் சுற்றிக் கல்யாணத்துக்குப் போடும் மெத்தைகளையும் ஜமுக்காளங்களையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். யோசனை நல்ல யோசனை, உள்ளே மட்டும் அனலாகக் கொதித்தது.

எங்களைக் கவனித்துக்கொண்டவர் ஸ்டெல்லா சிஸ்டர். மைசூர்த் தமிழ்க்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கிளப்பில் இருக்கிறார். அவர் தமிழில் பாதி கன்னடம். அதில் ஒன்றும் தப்பில்லை, எங்கள் ஊர்த் தமிழும் அப்படித்தான். பாவாயி காதோரம் குனிந்து உரக்கச் சொன்னார்: "பாட்டி, உள்ள மேடம் கன்னடத்துல ஒவ்வொரு வார்த்தையா சொல்வாங்க. நீங்க அதைத் திருப்பிச் சொல்லணும். கொத்தாச்சா?" பாவாயி புரிந்தது என்று தலையாட்டினாள்.

உள்ளே காது பார்க்கும் மேடம் ஹூப்ளிப் பக்கத்துப் பெண், தமிழ் தெரியாதவர். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு மைக்கில் பேசினார். பாவாயியின் இரண்டு காதையும் மூடி ஒரு ஹெட்போன். எனக்கு வெளியே ஒரு நாற்காலி. மேடம் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் காது மூடியிருப்பதால் பாவாயி கத்துகிறாள், அது மண்டபத்துக்கே கேட்டது.

"பாலு!" என்றாள். கொஞ்சம் பொறுத்து "பூவு!" என்றாள். பூஜைச் சாமானாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து "பல்லு!" என்றாள். சரி, பூஜை இல்லை. "புலி!" என்றதும் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் திரும்பிப் பார்த்தார். அதற்கு அடுத்து "வீடு!" என்றாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகணும் என்கிறாள், இனி இவளை உட்காரவைக்க முடியாது. ஆனால் அவள் எழுந்து வரவில்லை. "பத்து! பன்னி!" என்று போய்க்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் மேடம் என்னைக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. கேட்டதில் மூன்றோ நாலோதான் சரியாம். சத்தம் காதில் விழுகிறது, ஆனால் எழுத்து பிரிந்து விழவில்லை, இங்கே கொடுக்கிற கருவி இவருக்குப் பயன்படாது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாத கருவியை மாட்டி அனுப்பக் கூடாது என்றுதான் சொன்னார்.

பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போலாமுங்க" என்றாள். அவள் அழுதிருந்தாலும் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஸ்டெல்லா சிஸ்டர் மோர் கொண்டுவந்தார். "ஸ்வல்ப உக்காருங்க தாத்தா. உள்ள என்னதான் சொன்னாங்க பாட்டி?"

எனக்குத்தான் ஒரு தடவை கேட்டால் மறக்காதே. வரிசையாகச் சொன்னேன். பாலு, பூவு, பல்லு, புலி, வீடு, பத்து, பன்னி என்று கடைசி வரைக்கும்.

மேடம் வாசலில் நின்றிருந்தார். காலையிலிருந்து அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம். "அதைத்தான் சொல்றேன் சிஸ்டர்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். "நான் ‘ஹாலு’ என்றால் அவருக்கு ‘பாலு’ என்று விழுகிறது. ‘ஹல்லு’ என்றால் ‘பல்லு’. ‘ஹத்து’ என்றால் ‘பத்து’. ஹகாரமே விழுவதில்லை."

சிஸ்டர் மோர்த் தம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "இருங்க. ‘வீடு’ன்னாங்களே, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"மனெ."

சிஸ்டர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அய்யோ ராமா! மனென்னா வீடு. எல்லாம் சரியாத்தான் கேட்டிருக்காங்க. கேட்டுட்டுத் தமிழ்ல சொல்லியிருக்காங்க! நான்தானே திருப்பிச் சொல்லுங்கன்னேன். பாட்டி திருப்பியே போட்டுட்டாங்க!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் அம்மாவுக்குக் கன்னடம் ஒரு சொல்லும் தெரியாது. வீட்டுக்கு எந்த வியாபாரி வந்தாலும், எந்த ஆபீசர் வந்தாலும், "அவன் என்ன சொல்றான், திருப்பிச் சொல்லு" என்று மருமகளைத்தான் கேட்பாள். பாவாயி சமையற்கட்டில் இருந்தபடியே தமிழில் திருப்பிச் சொல்லுவாள். முப்பது வருசம் அந்த வேலை பார்த்தவளிடம் போய்த் திருப்பிச் சொல்லு என்றால் வேறு என்ன செய்வாள்?

மேடம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாற்காலி தூக்கிவந்த தலைவர் "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று கேட்டு, கதை தெரிந்ததும் நாற்காலிகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பாவாயிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சிஸ்டர் அவள் காதோரம் குனிந்து, "கிளிப்பிள்ளை மாதிரி, மேடம் சொன்னதை அப்படியே கன்னடத்துலயே சொல்லணும் பாட்டி" என்று கத்தினார்.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள் பாவாயி. "நான் வேர்க்க விறுவிறுக்கத் தமிழ்ல யோசிச்சுட்டு இருந்தனே!"

மறுபடியும் மெத்தை அறை. இந்தத் தடவை வேறு வார்த்தைகள், பசு, புல், பேர் எல்லாம் கன்னடத்திலேயே. "ஹசு! ஹுல்லு! ஹெசரு!" என்று அவள் கத்தக் கத்த, வெளியே வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசியில் மேடம் வெளியே வந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

கருவி காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி, அவரைக்கொட்டை அளவு. மேடம் கம்ப்யூட்டரில் எதையோ கூட்டிக் குறைத்துவிட்டு, பேசச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். பழக்க தோசத்தில் நான் அடிவயிற்றிலிருந்து "பாவாயீ, கேக்குதா?" என்றேன்.

அவள் துள்ளிவிட்டாள். "எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க? சுத்தியும் ஆளுங்க இருக்கறாங்க."

அப்புறம் வளையலை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். மேலே நிமிர்ந்து, "இந்த பேன் இத்தனை சத்தம் போடுதே, யாரும் எண்ணெய் விடறதில்லீங்களா?" என்று தலைவரைக் கேட்டாள். அவர் உண்மையாகவே மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். ஆதார் அட்டை, பழைய காது மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். முகாம் மாலை வரை நடக்கும், ஆனால் கருவி தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான், பத்து மணிக்குள் போய்விடுங்கள். பேட்டரி குண்டுமணி மாதிரி இருக்கும், பத்து நாளுக்கு மேல் வராது, கொள்ளேகாலில் கிடைக்கிறது. குளிக்கும்போது கழற்ற வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு வர வேண்டாம். பாவாயி டி.நரசிபுரம் வரைக்கும் பொறுத்தாள், ஹாரன் சத்தம் தாங்காமல் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு வாரம் போனால் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, தமிழ் பேசுகிறவர்களை அழைத்துப் போனால் பரிசோதனைக்கு முன்னால் "சொன்ன மாதிரியே சொல்லணும்" என்று சொல்லுங்கள். திருப்பி என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள்.

பாவாயி இப்போது மறுபடியும் பால் சொசைட்டிக்குப் போகிறாள். அன்று சிரித்தவர்கள் இன்று மெதுவாகப் பேசுவதையும் இவள் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொல்கிறாள். நான் இதைப் போனில் சொல்லி முடிக்கும்போது அவள் சமையற்கட்டில் இருந்தாள். பருப்பு கொதிக்கிற சத்தத்தையும் தாண்டி அங்கிருந்தே குரல் வந்தது.

"ஆறேகால் இல்லீங்க. ஆறு மணி பஸ். நீங்க சொல்றதைக் கேட்டுட்டு யாராச்சும் ஆறேகாலுக்குப் போனா, பஸ்ஸு ஹனூர் ரோட்டுல போயிட்டிருக்கும்."

என் ஞாபகம் தப்பாது. அது ஆறேகால்தான். ஆனாலும் நீங்கள் ஆறு மணிக்கே போய் நில்லுங்கள். அவள் சொல்லிவிட்டாள்.