பையப் பைய புளோரின்

நான் ஆராய்ச்சி செய்த பொருளின் பெயர் பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளூரைடு. எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரின் பின்பாதியைக் காதில் வாங்கியதில்லை. பிளாட்டினம் என்றதுமே எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்களின் கண் என் கழுத்துக்குப் போகும். அங்கே ஒரு மெல்லிய செயினைத் தவிர எதுவும் இல்லாததைப் பார்த்து, நான் வேலையில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள்.

அம்மா மட்டும் பின்பாதியையும் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். அதிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் நான் திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வந்து பாறசாலையில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், முதலில் என் கைகளைப் புரட்டிப் பார்த்து விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுத்தான் காப்பி தருவாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. பிளாட்டினம் லேசில் எதனோடும் சேராது. அதைக் கம்பியாக்கிப் பழுக்கச் சூடாக்கி, சுற்றிலும் புளோரின் வாயுவை விட்டு, பாத்திரத்தின் சுவரைத் திரவ நைட்ரஜனால் குளிர வைத்தால், கருஞ்சிவப்பாக ஒன்று வந்து ஒட்டும். சூடு கொஞ்சம் ஏறினால் சிவப்பு ஆவியாக எழும்பும். தண்ணீரைக் கண்டால் அதற்கு ஆகாது. கண்ணாடியையும் விட்டுவைக்காது. ஆக்சிஜனுக்கு மற்றவர்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பதுதான் பிழைப்பு. இது அந்த ஆக்சிஜனிடமிருந்தே பறித்துவிடும். யாரோடும் சேரமாட்டேன் என்று இருந்த செனான் வாயுவையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டது. சக்தி அவ்வளவு, பொறுமை மட்டும் கிடையாது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. அப்பாவுக்கு எல்லையோரப் பனச்சமூட்டுச் சந்தையில் பைப்பும் குழாயும் விற்கிற கடை. அரை இஞ்ச் பைப் கேட்டு வருகிறவரிடம் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று விசாரித்து, உனக்கு முக்கால் இஞ்ச்தான் வேண்டும் என்று சண்டை பிடித்து, கடைசியில் எதுவும் கொடுக்காமல் அனுப்பிவிடுவார். அந்தச் சந்தைக்குத் தமிழ்நாட்டுக்காரர்களும் வருவார்கள், கேரளத்துக்காரர்களும் வருவார்கள். சண்டையில் அப்பா எல்லை பார்ப்பதில்லை.

இதெல்லாம் வேடிக்கைதான். சித்தப்பா விஷயம் வேடிக்கை இல்லை. அப்பாவின் ஒரே தம்பியான அவர் வேறொரு சபைப் பெண்ணை விரும்பி, அதைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பாவிடம் வந்து சொன்னார். அன்று நின்ற பேச்சு பிறகு தொடரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு குரலில் நன்றாகவே பாடுவார்கள். ஆமென் சொன்னதும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

வேறு சபைக்கே இப்படி என்றால், நான் விரும்பியவர் சபையே இல்லாதவர். கேரளப் பக்கம் கோட்டுகாலில், சாயங்காலமானால் விளக்கு வைத்துக் கும்பிடுகிற இந்து வீடு. என் லேபிலேயே வேலை செய்கிற, அவசரம் என்பதே தெரியாத மனிதர். அவருடைய அம்மா நான் மீன் தின்பேனா என்று மட்டும் விசாரித்துவிட்டுச் சரி சொல்லிவிட்டார். என் பக்கம் இருந்தது அப்பா ஒருவர்தான். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று நான் விரும்பியவரிடம் சொல்லியிருந்தேன். அப்பாவோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

அப்போதுதான் லேப் வேலை எனக்கு வழிகாட்டியது. புளோரினை நிக்கல் பாத்திரத்துக்குள் ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது. முதலில் பாத்திரத்தில் எண்ணெய்ப்பசையோ ஈரமோ இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் புளோரினை விட்டுக் காத்திருக்க வேண்டும். உலோகம் அதைத் தின்னும், அழுத்தமானியின் முள் இறங்கும். இன்னும் கொஞ்சம் விட வேண்டும். இப்படியே போனால் உள்ளே மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் பிடித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விட்டாலும் முள் அசையாது. இதைப் பழக்குவது என்போம். சித்தப்பா பழக்காமல் திறந்துவிட்டார், அவ்வளவுதான் தப்பு என்று எனக்குப் பட்டது.

ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாக அப்பா உட்காரும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஈரம் ஆகாது என்பதால், எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் அம்மா அடுக்களைக்குள் போகும்வரை காத்திருப்பேன். முதல் வாரம், என்னோடு வேலை செய்கிற ஒருவர் கோட்டுகால்காரர் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம், அவர் வீட்டுச் சாளை மீன் கறி நன்றாக இருக்கும் என்றேன். பிறகொரு வாரம், அவர்கள் விளக்கு வைக்கிற ஆட்கள் என்பதை, மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னேன்.

அப்பா ஒவ்வொரு முறையும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கிடையாது, ஒரு முறைப்பு கிடையாது. குழம்பில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவர் இதற்கு வாய் திறக்காதது என்னைக் கொன்றது. சித்தப்பாவிடம் காட்டுகிற மௌனம் எனக்கும் தொடங்கிவிட்டது என்றே நினைத்தேன். முள் அசையாவிட்டால் என்ன அர்த்தம் என்பது லேபில் எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் அது ஞாபகம் வரவில்லை.

இந்தக் கவலையில் நான் கோட்டுகால்காரர்மேல் எரிந்து விழுந்தேன். லேபில் அவர் மேஜையைத் திறந்தால் டெஃப்ளான் டேப்பாக உருண்டு வரும் என்பது நல்ல சாக்காகக் கிடைத்தது. பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றுகிற அதே வெள்ளை டேப்தான். புளோரினைத் தாங்குகிற சாதிதான் என்றாலும், கடையில் பலர் கை பட்டு எண்ணெய்ப்பசை ஏறிய டேப்பை எங்கள் குழாய்களில் சுற்ற முடியாது. எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டால், கிடக்கட்டும் என்பார். சனிக்கிழமை லேபுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், ஒரு சின்ன வேலை இருக்கிறது என்பார். திங்கட்கிழமை பார்த்தால் மேஜையில் புது டேப் சேர்ந்திருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, பழக்குவதும் கிழக்குவதும் போகட்டும் என்று, மொத்தமாகத் திறந்துவிட்டேன். அந்தக் கோட்டுகால்காரரைத்தான் கல்யாணம் செய்ய நினைக்கிறேன் அப்பா, நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்றேன். 

அப்பா கையில் இருந்த கிழங்கை வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுப் பேசினார்.

“ஆறு மாசமா ஒரு பய சனியாழ்ச்ச தோறும் கடைக்கு வாறான் மக்கா. கோட்டுகால்ல இருந்து பனச்சமூட்டுக்கு பஸ் ஏறி வந்து ஒரு டேப் வாங்குவான். வாற வழியில வேற கடை இல்லியான்னு சண்ட பிடிச்சேன். சிரிச்சிட்டு நின்னான். என்ன வேலைன்னு கேட்டேன். பிளாட்டினத்துல புளோரின் ஏத்துற வேலையாம். இந்த லோகத்துல அந்த வேலை எத்தன பேருக்கு உண்டு?”

அவர் மேஜையில் உருண்ட டேப்பெல்லாம் எங்கள் கடைச் சரக்கு. அப்பா அவரைச் சும்மா விட்டிருக்கவில்லை. வீட்டில் யார் யார், குடிப்பானா, எங்கள் கோயிலுக்குள் வருவானா என்று வாரம் ஒரு கேள்வியாகக் குடைந்திருக்கிறார். வருவேன், ஆனால் பாட்டு வராது என்று சொன்னானாம். அதற்கும் ஒரு சண்டை போட்டிருக்கிறார்.

“அப்ப, சித்தப்பா கிட்ட மட்டும் ஏன் அப்பா?” என்று கேட்டேன்.

அவர் தட்டில் கிடந்த மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார். “அவன் கெட்டினது எனக்குக் கொறச்சல் இல்ல மக்கா. முந்தின நாளு வந்து சொன்னானே, அதாக்கும் பொறுக்காதது. கூடப் பொறந்தவன் கிட்ட பையச் சொல்லப்பிடாதா?”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு ஈரத்திலும் எதுவும் வெடிக்கவில்லை. அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“அந்தப் பயல இனி கடைக்கு வரவேண்டாம்னு சொல்லு. டேப் எல்லாம் அவனே வாங்கிட்டான், பிளம்பர்மாருக்குக் குடுக்க எங்கிட்ட சரக்கு இல்ல. வீட்டுக்கு வரச் சொல்லு.”