நெல் காயும் சாலையில் என் மாமனார்

எங்கள் ஊராட்சித் தலைவர் பொறுப்பில்லாதவர். நெல் காயவைக்கும் களத்தில் குடிநீர்க் குழாய்களை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார். அதனால் உத்திரமேரூர் போகும் தார்ச்சாலையில்தான் ஊரே நெல்லைக் கொட்டுகிறது.

என் மாமனாருக்கு எழுபத்து நான்கு வயது. ஒருமுறை குளியலறையில் விழுந்தார். உட்கார்ந்தே இருந்தால் கால் பலம் போய் மறுபடியும் விழுவார், துணையோடு தினமும் நடக்கட்டும் என்றார் டாக்டர். காலையில் நான்தான் கூடப் போவேன்.

போன வாரம் பாதிச் சாலையில் நெல் கிடந்தது. எதிரே லாரி வந்தது. ஒதுங்கியவர் நெல்மேல் கால் வைத்ததும் வழுக்கி, சக்கரத்தின் பக்கமே சாய்ந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் நெல்லிலேயே விழுந்தோம்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து, "இன்னா பெருசு, வூட்ல குந்திக்கினு இருக்கக் கூடாதா?" என்றார்.

"குந்திக்கினே இருந்து படுத்துட்டா நீயாடா வந்து தூக்குவே?" என்றார் மாமனார்.

போன அறுவடையில் நானும் அங்கேதான் காயவைத்தேன். இனி மாட்டேன், மொட்டை மாடிக்கு மூட்டை தூக்குகிறேன். மாமனாரைப் பள்ளி மைதானத்தில் நடக்க வைக்கிறேன்.

தலைவரே, களத்தை எப்போது திறப்பீர்கள்? வரும் கிராம சபையில் எல்லோர் எதிரிலும் பதில் சொல்லுங்கள்.