மொட்டைக் கடுதாசியும் மூன்றாவது எட்டும்

மேட்டூர் அணை ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் நான் கூடைப்பந்துப் பைத்தியமாக இருந்தேன். ஆடத் தெரியாது. பந்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் அது என் காலில் பட்டு ஓடிவிடும். ஆனால் பார்க்கத் தெரியும், கத்தத் தெரியும். மதராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு என்ஜினீயர்தான் அந்த ஆட்டத்தை எங்களுக்குக் கொண்டுவந்தார். பட்டறையிலேயே இரும்பு வளையம் அடித்து, கம்பம் நட்டுப் பலகை முடுக்கி, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் செம்மண்ணைச் சமப்படுத்தி ஆடினார்கள். என் மனைவியின் அண்ணன் அங்கே ஃபிட்டர். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். ஆறடிக்கு மேல் உயரம். மச்சான் இல்லாமல் எங்கள் டீம் இல்லை.

வருஷா வருஷம் தை மாதம் சேலத்தில் போட்டி நடக்கும். மூன்று வருஷம் தொடர்ந்து ஃபைனலுக்குப் போனோம். மூன்று வருஷமும் ஒரே சேலம் டீமிடம் தோற்றோம். மூன்று முறையும் விசில் ஊதியவர் ஒரே ஆள், அந்த ஊர் ஹைஸ்கூல் ஒன்றின் டிரில் மாஸ்டர்.

மூன்றாவது வருஷத்தை மறக்க முடியாது. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். முடிய அரை நிமிஷம்கூட இல்லை. மச்சான் பந்தோடு பாய்ந்து போய் வளையத்துக்குள் போட்டுவிட்டார். நான் துண்டைத் தூக்கி மேலே எறிந்தேன். துண்டு கீழே வருவதற்குள் விசில் கேட்டது. பந்தைத் தட்டாமல் மூன்று எட்டு நடந்துவிட்டார், அதனால் அந்த கோல் செல்லாது என்றார் டிரில் மாஸ்டர். ஆட்டம் அதோடு முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆளுக்கொன்று பேசினோம். அந்த மாஸ்டருக்கு வீடு அம்மாபேட்டையில், எதிர் டீம் கேப்டன் வீட்டிலும் அங்கேதான் தறி ஓடுகிறது, ஜரிகை வேட்டி ஒன்று கைமாறியிருக்கும் என்றார் ஒருவர். இருக்கும் என்று அவர் சொன்னதை இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். மறுநாளே அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். உங்கள் டிரில் மாஸ்டர் வேட்டி வாங்கிக்கொண்டு விசில் ஊதுகிறவர் என்று எழுதி, உண்மை விளம்பி என்று முடித்தேன். கையெழுத்துத் தெரியக்கூடாதென்று எல்லாவற்றையும் இடது கையால் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டபோது மனசு ஆறியது.

இரண்டு மாதம் கழித்து, ஸ்டோர் வேலையாகச் சேலம் போய் வந்த ஒருவர் ஒரு சேதி கொண்டுவந்தார். அந்த விசில் மாஸ்டர் ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லையாம். ஏதோ பெட்டிஷன் என்று பேசிக்கொள்கிறார்களாம். ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். என் கடுதாசிதான் அவர் வேலைக்கு உலை வைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் என் மனைவி கேட்டே விட்டாள். ஒளிக்காமல் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அந்த ஊட்டுல ஒரு பொம்பளை இருப்பாளுங்களே, அவ ஒலையில என்னத்தப் போடுவா?" என்றாள். "நேர்ல போயிச் சொல்லிப்போட்டு வாங்க. அவுரு அடிச்சாலும் வாங்கிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. ஓமலூருக்கு முன்னால் வண்டி நின்றுபோய் இறங்கித் தள்ளினோம். அப்படியே திரும்பிவிடலாமா என்று ஒரு முறை நினைத்தேன். அம்மாபேட்டையில் தெரு முழுக்கத் தறிச் சத்தம். மூன்று இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த அம்மாள் உள்ளே கூட்டிப்போனார். டிரில் மாஸ்டர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். வலது காலில் முழங்காலிலிருந்து பாதம் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது.

பையன்களுக்குப் பார் கம்பியில் வித்தை செய்து காட்டும்போது கை நழுவி விழுந்தாராம். இரண்டு மாதம் லீவு; கோடை விடுமுறையும் முடிந்து வைகாசி கடைசியில் வேலைக்குப் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். என் கடுதாசியால் அல்ல. உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் கால் ஒடிந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்டவன் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டான்.

தோற்ற டீமின் ஊரிலிருந்து தம்மைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. மனைவியைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னார். அப்படியே குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் என் மனைவி முதலில் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

அவர் கட்டிலில் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். பிறகு, கடுதாசி வந்ததையும், தலைமையாசிரியர் அதை அவர் கையிலேயே கொடுத்துக் கிழித்துப் போடச் சொன்னதையும் சொன்னார். கிழிக்க மனம் வராமல் மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தாராம்.

"வேட்டி விஷயம் பொய்," என்றார். "படிச்சப்போ ரொம்ப வலிச்சுதுங்க. ஆனா அந்த மூணாவது எட்டு இருக்கே, அதுல எனக்கே சந்தேகம்தான். காலைப் பார்த்தேனா, கையைப் பார்த்தேனான்னு இன்னிக்கும் தெரியலை. ஊதிட்டேன். ஊதினதுக்கப்புறம் என்ன பண்றது?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வார்த்தை என் காதில் விழுந்திருந்தால் மேட்டூர் முழுக்கத் தமுக்கடித்திருப்பேன். அன்றைக்கு, அவருக்கும் தெரியவில்லை என்பதே போதும் என்று இருந்தது. வெல்லக் காப்பி வந்தது. குடித்தோம். அடுத்த வருஷம் எங்கள் டீமில் யார் யார் ஆடுவார்கள் என்று கேட்டார்; சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும், என் மனைவி இலையைப் போட்டாள். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் மச்சானைத் தனியாகப் பிடித்து, உண்மையில் மூன்று எட்டு வைத்தாரா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, தாம் வளையத்தைப் பார்த்தாரே தவிரக் காலைப் பார்க்கவில்லை என்றார்.

அடுத்த தையிலும் ஃபைனல் அதே டீமோடுதான். டிரில் மாஸ்டர் லேசாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடி விசில் ஊதினார். பதினோரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம். யார்மேலும் பழி போட இடமில்லாத தோல்வி. பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மட்டும் காற்று நன்றாக இருந்தது.

"என்னுங்க மாப்பிள்ளை, இன்னிக்கு யாரையுமே திட்டக் காணமே?" என்றார் மச்சான்.

அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்றேன். ஆமாங்க என்றவர், ஓமலூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.