மலைப்பக்கம் திரும்பின ஆன்டெனா

மலையில இருந்து சிக்னல் வந்து பாத்திருக்கீங்களா? செல்போன் டவர் இல்லைங்க, நம்ம திருவண்ணாமலை மலை. சிரிங்க, பரவால்ல. இப்படி சொல்றவனப் பாத்து நானும் சிரிச்ச ஆளுதான். பௌர்ணமிக்கு ஊரே மலைய சுத்தும்போது டிராஃபிக்க திட்டிக்கிட்டு பைக்ல உக்காந்திருப்பேன், எனக்கும் மலைக்கும் அவ்ளோதான் பழக்கம்.

எங்க காலேஜ்ல ஷூ டப்பா சைஸ்ல ஒரு குட்டி சாட்டிலைட் பண்ணி மேல அனுப்பினோம். சூரியன்ல இருந்து அடிக்கிற புயல அளக்கறது அதோட வேலை. அளக்கற கருவி மொத்தமும் என் கிளாஸ்மேட் திவ்யா செஞ்சது, கீழ்பென்னாத்தூர் பொண்ணு. ஒரு புயலயாவது முழுசா அளந்து காட்டினாத்தான் அவளுக்கு ரிசர்ச் சீட்டு. போன வாரம் அடிச்சது பாருங்க ஒண்ணு, செம புயல். மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு சாட்டிலைட் நம்ம ஊரத் தாண்டுது, பத்து நிமிஷத்துல டேட்டாவ புடிச்சாகணும். வேங்கிக்கால்ல அவ ரூம் மொட்டமாடியிலதான் ஆன்டெனா, வெயில் மண்டைய பொளக்குது.

சாட்டிலைட் தெக்கால ஏறி, கிழக்கு வழியா வடக்க போகணும். ஆன்டெனாவும் அப்படியே திரும்பணும்ல? அது பாட்டுக்கு மேற்க, மலைப்பக்கம் திரும்புது.

"ஏய், என்னடி ரிவர்ஸ்ல போவுது?"

"ஐயோ! மோட்டார் வலமா மட்டும்தான்டா சுத்தும். நான்தான் புரோகிராம அப்படி எழுதிட்டேன்."

"எதுக்கு?"

"மலைய எதிர்ல வச்சிக்கிட்டு இடமா சுத்த விடுறதான்னு ஒரு மாதிரி இருந்துச்சுடா. இதுவரைக்கும் வடக்கால இருந்து கிழக்கு வழியா தெக்க வந்ததத்தான் புடிச்சோம், பிரச்சனையே தெரியல."

"சூப்பர். அப்படியே கற்பூரமும் ஏத்திடு."

"வாய மூட்றா, அழுதுடுவேன்."

கையாலயாவது திருப்பலாம்னு நான் கம்பிய புடிக்கப் போறேன், ஸ்பீக்கர்ல கீச்சுனு சத்தம். ஆன்டெனா நேரா மலைய பாக்குது, சாட்டிலைட் எங்க முதுகுப்பக்கம் எங்கயோ. ஆனா சிக்னல் வருது, நம்பினா நம்புங்க, இதுக்கு முன்னாடி வராத அளவுக்கு ஜாஸ்தியா வருது. ஸ்க்ரீன்ல நம்பரா கொட்டுது, புயல் ஏறினது, உச்சிக்குப் போனது, அடங்கினது, மொத்தமும். திவ்யா கத்தி குதிச்சு என் முதுகுல ஒண்ணு வச்சா.

அப்பதான் நான் கவனிச்சேன். ரயில் நம்மள தாண்டும்போது ஹாரன் சத்தம் மாறும்ல, பறக்கற சாட்டிலைட் சிக்னலும் அப்படித்தான், ஸ்க்ரீன்ல அதோட கோடு எப்பவும் வளைஞ்சுதான் வரும். மலையில பட்டு திரும்பி வந்தாலும் வளைஞ்சுதான் வரணும். இது ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி நேரா நிக்குது. எது அனுப்புதோ, அது நகரவே இல்ல.

அதே நேரம் பெங்களூர்ல இருந்து எங்க சீனியர் பிரபு அண்ணன் போன்.

"எதுக்குடா ரெண்டும் மாடியில காயறீங்க? நேத்து புயல் உச்சியிலயே சாட்டிலைட் பேட்டரி அவுட்டு. இங்க பெரிய டிஷ்ல நாலு தடவ தேடிட்டோம், மூச்சே இல்ல."

திவ்யா மூஞ்சி செத்துப்போச்சு. புயல் உச்சியிலயே அது போயிடுச்சுன்னா, புயல் அடங்கினத அளந்தது யாரு?

ஒரு வாரமா ரெண்டு பேருக்கும் தூக்கம் கம்மி. அந்த டேட்டாவ அனுப்பினா அவளுக்கு சீட்டு, எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் இல்ல. இன்னிக்கு அஞ்சு மணியோட டைம் முடியுது.

இப்ப மணி நாலு அம்பத்திரெண்டு. அவ இன்னும் அனுப்பல.